காதைத் தொட்டால் ஜாக்கி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். முகத்தில் வந்து அறைகிற நீராவிதான் காரணம் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ துருப்பு அக்காவின் சிரிப்புதான் அவர்களை நிறுத்துகிறது என்று தோன்றும். பெரிய எந்திரங்கள் எல்லாம் ஒருசேர ஓடும்போதுகூட அந்தச் சிரிப்பு தனியாகக் கேட்கும்.

நான் துணி வேன் ஓட்டுகிறவன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஊருக்குள் அங்கங்கே கட்டடங்கள் உண்டு. அழுக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளுத்து மடித்த விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வேன் எங்கே இருந்தாலும் சலவைக்கூடத்து வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். சாப்பாட்டுக்காக இல்லை, சீட்டுக்காக.

அக்கா இந்த வேலைக்கு வந்த கதையை அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஒரு கண்ணாடிக் கடையில் இருந்தாராம். யாரோ சொன்ன ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்ததில் கையில் இருந்த நிலைக்கண்ணாடி நழுவிவிட்டது. கடைக்காரர் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். கீழே போட்டால் உடையாத பொருளாகப் பார்த்து வேலை தேடினேன், துணி கிடைத்தது என்பார் அக்கா.

சலவைக்கூடத்தில் அவரை மடிக்கும் மேசையில் போட்டார்கள். சூடான உருளைக்குள் போய் வெளியே வருகிற விரிப்பை ஒருவர் ஒரு முனையிலும் இன்னொருவர் மறுமுனையிலும் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் உதற வேண்டும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். ஒருவர் இழுத்து இன்னொருவர் விட்டால் சுருக்கம் விழுந்துவிடும். அக்காவோடு மடிக்கிற பெண் ஒரு வாரம் லீவில் போனபோது, ஆள் இல்லையென்று பாய்லர் அறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவர்தான் பாய்லர் அண்ணன். வாயைத் திறந்தால் நீராவி வெளியே போய்விடும் என்று பயப்படுகிறவர்போல இருப்பார். காலையில் 'ம்', மாலையில் 'சரி', நடுவில் ஒன்றும் கிடையாது. ஆனால் விரிப்பை அவர் பிடித்தால் கயிறு கட்டி இழுத்ததுபோல நேராக நிற்குமாம். ஒவ்வொரு விரிப்புக்கும் ஒருமுறை மூலைகள் சேரும்; மூலைகள் சேரும்போது கைகளும் சேரும். லீவில் போன பெண் திரும்பி வந்த பிறகும் அண்ணன் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி மடிக்கும் மேசைப் பக்கம் வந்துகொண்டே இருந்தார். சாக்குச் சொன்னார் என்றா சொன்னேன்? அதுவும் சொல்லவில்லை. வந்து நின்றார், அவ்வளவுதான். கடைசியில் அக்காதான் கேட்டார், கல்யாணம் பண்ணிக்கலாமா என்று. அண்ணன் 'ம்' என்றார்.

இதெல்லாம் நான் வருவதற்கு முன்னால் நடந்தது. நான் சேர்ந்தபோது அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருந்தாள்; பிறகு படித்து முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அண்ணனின் தங்கையும் அதே கூடத்தில் இருந்தார். கிழிந்த விரிப்புகளையும் டாக்டர்களின் கோட்டுகளையும் ஒட்டுப்போட்டுத் தைக்கிற தையலக்கா. கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டிலேயே வந்து இருந்தார். நறுக்கென்று பேசுவார், நறுக்கென்று நடப்பார், தலைமுடியை ஒரு இழை விலகாமல் வாரிக் கொண்டை போட்டிருப்பார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒரே மேசையில் எதிர்க்கட்சியாக உட்கார்ந்து சீட்டாடுவதைப் பார்க்க வேண்டும். அதற்காகவே சிலர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வருவார்கள்.

எங்கள் ஆட்டம் எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு பெயரில் ஆடுகிற ஆட்டம்தான். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ராஜா, ராணி எல்லோரும் ஜாக்கிக்குக் கீழே. துருப்பு ஜாக்கி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது. கையில் இருக்கிற சீட்டைப் பற்றி ஜோடியிடம் மூச்சு விடக் கூடாது. தோற்ற ஜோடி டீ போட வேண்டும், கப் கழுவ வேண்டும்.

அக்காவும் அண்ணனும் ஒரு ஜோடி. நானும் தையலக்காவும் ஒரு ஜோடி. என் கை டீத்தூள் வாசனையிலேயே ஊறிப்போயிருந்தது என்று சொன்னால் மிச்சத்தைப் புரிந்துகொள்வீர்கள். அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே அப்படித்தான். எப்போது பார்த்தாலும் சரியான இடத்தில் சரியான துருப்பை எடுத்து மேசையில் அடிப்பார். அடித்துவிட்டு ஒரு சிரிப்பு. தையலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போவார். நான் பின்னாலேயே கப்புகளை எடுத்துக்கொண்டு போவேன். அவர்களுக்கு ராசி அப்படி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சிற்பி வந்தார்.

அவர் நாணயச்சாலையில் வேலை பார்க்கிறவர். அவருடைய அம்மாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அம்மா தூங்கும் நேரத்தில் சும்மா நடந்து வந்தவர், சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். நாங்கள் ஆட்ட மும்முரத்தில் இருந்தோம். யாருடைய துணியைக் காணவில்லை என்று தேடி வந்திருக்கிறீர்கள் என்று தையலக்கா கேட்டார். அவர் கூச்சத்தோடு தன் கதையைச் சொன்னார்.

நாணயச்சாலையில் வெள்ளி நாணயங்களாக ஒரு வரிசை வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். கடையில் செலவு பண்ணுகிற காசு இல்லை. பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற நினைவு நாணயம். அரசர்கள், தலைவர்கள், கோட்டைகள் எல்லாம் அடித்து முடித்துவிட்டதால், சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கையைப் போடலாம் என்று யாருக்கோ நல்ல யோசனை தோன்றியிருக்கிறது. கயிறு தாண்டுகிற பெண் பிள்ளைகள் ஒன்றில் வந்துவிட்டார்கள். முடிவெட்டும் கடையில் முறைக்குக் காத்திருப்பவர்கள் ஒன்றில். அடுத்தது காலங்காலமாக ஜனங்கள் ஆடுகிற சீட்டாட்டம். சிற்பி ஒரு படம் வரைந்து கொடுத்தார்: வானத்தில் சீட்டுகள் பறக்கின்றன, சுற்றிலும் நட்சத்திரம். தேர்வுக் குழு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது, ஆடுகிற ஆட்கள் எங்கே என்று கேட்டார்களாம்.

"ஒரு ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

சூப்பர்வைசர் அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். வேலை நிற்கக் கூடாது. தன்னை வரையக் கூடாது.

மறுநாளிலிருந்து சிற்பி ஒரு துணி ட்ராலியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். துருப்பு அக்காவுக்கும் தையலக்காவுக்கும் நடுவில், சற்றுப் பின்னால் அவருடைய இடம். அவருக்குச் சீட்டாட்டத்தில் அ, ஆ தெரியாது. எது துருப்பு, எது வெறும் சீட்டு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தோம், தலையாட்டினார், ஏறவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் கையும் முகமும்தான்.

தையலக்கா அந்த நாட்களில் ஆளே மாறிப்போனார். கொண்டையில் புது க்ளிப். முதுகு நிமிர்ந்து, முகவாய் சற்று மேலே. சீட்டைப் பிடித்திருக்கிற விரலைக்கூட ஒரு பூவைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். யோசிக்காமல் ஆடிய ஆட்டம் என்பதால் நாங்கள் வழக்கத்தைவிட மோசமாகத் தோற்றோம். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. துருப்பு அக்காவோ ட்ராலியில் ஒருவர் இருப்பதையே மறந்துவிட்டார். சிரித்தார், மேசையைத் தட்டினார், மூக்கைச் சிந்தினார், வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே சீட்டை இறக்கினார். சிற்பியின் பென்சில் நிற்கவே இல்லை.

அம்மா குணமாகி வீட்டுக்குப் போனபிறகு சிற்பியும் போய்விட்டார். போகும்போது சில படங்களைக் காட்டினார். கைகள், தோள்கள், ஒரு டீ கப். என்னுடைய காலணி ஒன்று ரொம்ப அழகாக வந்திருந்தது. எதை வைத்து எப்படிச் செய்வேன் என்று இன்னும் தெரியாது, முதலில் தட்டு அளவுக்குப் பிளாஸ்டரில் செதுக்கிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் அதைச் சிறிதாக்கி அச்சு எடுப்பார்கள் என்றார். நாங்களும் வேலையில் அதை மறந்துபோனோம். தையலக்கா மட்டும் மறக்கவில்லை.

குளிர்காலம் போய் ஜன்னல்களைத் திறந்து வைக்கிற காலம் வந்தது. ஒரு மதியம் சிற்பி கையில் நாலு சின்னப் பெட்டிகளோடு வந்து நின்றார். நாணயம் தயாராகிவிட்டது, விழாவுக்கு முன்னால் முதலில் நீங்கள்தான் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஒன்று என்றார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

நான் வெள்ளி பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு பளபளப்பைப் பார்த்ததில்லை. பின்புலம் தண்ணீர்போல மின்னியது, அதில் ஆட்கள் பனி படிந்ததுபோல மங்கலான வெண்மையில் எழும்பி நின்றார்கள். பக்கவாட்டில் துருப்பு அக்காவின் முகம், சிரிப்பு வரப்போகிற உதட்டோடு. இடது கையில் விசிறிபோல விரித்த சீட்டுகள். வலது கை காதுமடலைப் பிடித்திருந்தது. மேசைக்கு எதிரே சின்னதாக அண்ணன். ஓரமாக என் தோளும் அரை மூக்கும். முன்னால், வட்டத்தின் விளிம்பை ஒட்டி, பெரிதாக ஒரு கொண்டை. க்ளிப்போடு.

தையலக்கா கொண்டையின்மேல் விரலை வைத்தார்.

"இது யாரு?" என்று தையலக்கா கேட்டார்.

அது அவர்தான் என்று சிற்பி மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னார். அந்தக் கொண்டையைச் செதுக்குவதற்குத்தான் அவருக்கு அதிக நாள் ஆனதாம். ஒவ்வொரு இழையும் தெரிகிறது பாருங்கள் என்றார்.

"ஒரு நாடு முழுக்க என் பின்னந்தலையப் பாக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தையலக்கா தன் பெட்டியை மூடிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார். அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போய் விரிப்புக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

தையலக்காவின் மெஷினில் வளைகிற கம்பியில் ஒரு பூதக்கண்ணாடி பொருத்தியிருக்கும். மெல்லிய துணியில் இழை எடுத்துத் தைப்பதற்கு. அன்று மாலை வேலை முடிகிற நேரத்தில் அவர் அந்தக் கண்ணாடிக்குக் கீழே நாணயத்தை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கொண்டையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவர் பார்த்தது கொண்டையை இல்லை. அண்ணியின் கையில் இருந்த விசிறியில் முதல் சீட்டு ஜாக்கி. அண்ணியின் மற்ற கை காதில். எதிரே அண்ணன், ஒரு அரிசி அளவுக்கு இருந்த முகத்தில், ஆள்காட்டி விரலை மூக்கின் பக்கத்தில் வைத்திருந்தார். சிறு வயதிலிருந்து கூடவே வளர்ந்த அண்ணனுக்கு மூக்கைத் தொடுகிற பழக்கம் கிடையாது என்று தங்கைக்குத் தெரியாதா?

மறுநாள் மதியம் தையலக்கா ஒன்றுமே நடக்காததுபோல வந்து உட்கார்ந்தார். சீட்டைக் கலைத்தார், வெட்டச் சொன்னார், போட்டார். முதல் ஆட்டத்தில் அக்கா காதைத் தொட்டார். ஜாக்கி அக்காவிடமிருந்து வந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அக்கா காதைத் தொடவில்லை. ஜாக்கி என்னிடம் இருந்தது. தையலக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. வழக்கம்போல நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் தையலக்கா மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கினார். காதுமடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அண்ணனை நேராகப் பார்த்தார்.

அண்ணனின் விரல் தானாக எழுந்து மூக்குக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பாத்துட்டீங்களாண்ணா?" என்றார் தையலக்கா.

அண்ணன் விரலை இறக்கவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். காதிலிருந்து கழுத்துவரை சிவந்துவிட்டது. பாய்லருக்கு முன்னால் நின்றால்கூட அவர் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. எனக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் என் கண் முன்னால் வரிசையாகக் கப்புகள் வந்து நின்றன. கழுவிய கப்புகள். வருஷக்கணக்காகக் கழுவிய கப்புகள். கையும் களவுமாகப் பிடிபட்ட அந்த இரண்டு பேரையும் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது சிரிப்புதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்து மேசைமேல் கவிழ்ந்துவிட்டேன்.

அக்காவும் சிரித்தார். "எத்தனை நாளைக்குத்தான் மறைக்க முடியும், வெள்ளியிலயே அடிச்சு வச்சுட்டாங்க" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

தையலக்கா சிரிக்கவில்லை.

"எனக்கே காது குத்திட்டீங்கல்ல அண்ணி. சரி, ஆட்டத்துல ஏமாத்துனது போகட்டும்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "வீட்லயும் இதே கதைதானே? நான் எதையாவது ஆசையா சமைச்சு எடுத்துட்டு வந்தா அண்ணன் தாடையத் தடவுவாரு. நீங்க உடனே பசியில்லம்பீங்க. நான் யாரைப் பத்தியாவது பேச ஆரம்பிச்சா நீங்க காலரை இழுத்து விடுவீங்க. அவர் எந்திரிச்சுப் போயிடுவாரு. ஒரே வீட்ல மூணு பேரு இருக்கோம். ரெண்டு பேரு பேசிட்டே இருந்திருக்கீங்க. எனக்கு மட்டும் கேக்கல."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. எந்திரங்களும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்ததால் கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. அக்கா எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நாத்தனாருக்கு நேரே முட்டியும் முட்டியும் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

"இப்பக் கத்துக்கோ. ஒண்ணு விடாம சொல்லித் தரேன்."

அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

கல்யாணம் ஆன புதிதில் ஆட்டத்துக்காகத்தான் ஆரம்பித்தார்களாம். காதைத் தொட்டால் ஜாக்கி. மூக்கருகில் விரல் வைத்தால், புரிந்தது. தாடையைத் தடவினால் கையில் ஒன்றுமே இல்லை, சீக்கிரம் முடித்துவிடு. காலரை இழுத்தால், பொறு, அவசரப்படாதே. அண்ணனுக்கு வாயால் பேசுவது கஷ்டம், விரலால் பேசுவது சுலபமாக இருந்தது. மேசையில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. விருந்துக்குப் போன இடத்தில் தாடையைத் தடவினால், கிளம்பலாம். டாக்டர் ஏதோ புரியாத வியாதிப் பெயர் சொன்னபோது அக்கா காதைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். பெண்ணுக்குப் பரீட்சையில் குறைந்தபோது காலர். வீட்டு வாசலில் யாராவது வந்து பேசிக் கழுத்தறுத்தால் இன்னொன்று, அதை இங்கே எழுத முடியாது.

"உள்ளங்கையில கட்டை விரலை அழுத்துவாரே, அது எதுக்கு?" என்று தையலக்கா கேட்டார். அவர் கவனிக்காமல் இல்லை, பார்த்தும் அர்த்தம் தெரியாமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அது, இன்னைக்கு நீ அழகா இருக்கேன்னு அர்த்தம்."

அண்ணன் சட்டென்று எழுந்து பிரஷர் முள்ளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் பாய்லர் அறைக்குள் போய்விட்டார்.

"சீட்டாட்டத்துல இது எதுக்கு அண்ணி?"

"தோக்குற மாதிரி இருந்தா வேணும்ல" என்றார் அக்கா.

அப்போதுதான் தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க, பிறகு கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அண்ணியின் மடியிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கொண்டை அவிழ்ந்துபோனது, சரிசெய்துகொள்ளக்கூட இல்லை. அன்றைக்கு டீயும் கப்பும் யாருடைய வேலை என்று யாரும் கேட்கவில்லை. பாய்லர் அறையிலிருந்து அண்ணனே ட்ரேயோடு வந்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகு நாணயச்சாலையில் விழா நடந்தது. எங்கள் நாலு பேருக்கும் முன்வரிசை. அண்ணன் கோட்டுக்குள் அடைத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க நாணயத்தின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அக்காவின் காதுமடலே ஒரு கதவு அளவுக்கு இருந்தது. தையலக்காவின் கொண்டை ஒரு மலைபோல எழுந்து நின்றது. வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கொண்டையைத்தான் முதலில் புகழ்ந்தார்கள். இரண்டு பேர் அவரைப் பின்னாலிருந்தே அடையாளம் கண்டுபிடித்து வந்து கைகுலுக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் அரங்கத்தில் யாருக்கும் முகம் காட்டாமல் திரும்பித் திரும்பி நின்றார் என்று அக்கா இன்றும் சொல்வார்.

நாணயச்சாலைத் தலைவர் பேசினார். நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். சீட்டுக்கட்டு ஏழை வீட்டிலும் இருக்கும், பணக்காரர் வீட்டிலும் இருக்கும். மழைநாளில் நாலு பேரை ஒரு மேசைக்கு இழுத்து வருகிற பொருள் அதைப்போல வேறொன்று இல்லை என்றார். பிறகு சுவரைக் காட்டினார். இந்த உழைக்கும் பெண்மணி காதுமடலைப் பிடித்தபடி ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார். இந்தச் சிந்தனையைத்தான் சிற்பி வெள்ளியில் நிறுத்தியிருக்கிறார் என்றார்.

தையலக்கா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பயனில்லை. அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா அவரைப் பார்த்தார், அவர் அக்காவைப் பார்த்தார், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு, ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். பெண்கள் இருவரும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணன் எழுந்து நின்றார்.

அவர் எழுந்ததே எங்களுக்கு அதிர்ச்சி. கோட்டின் பொத்தானைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். அக்கா சிரிப்பை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிந்தனை இல்லைங்க. அவ கையில ஜாக்கி இருக்குன்னு எனக்குச் சொல்றா. எதிர்ல மூக்கத் தொட்டுக்கிட்டு இருக்கிறது நான். கல்யாணம் ஆனதிலிருந்து ஏமாத்திட்டுதான் இருக்கோம். அவதான் என்கூட பேசறதுக்கு வழி கண்டுபிடிச்சா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரங்கம் முழுக்க ஒரே சிரிப்பு. பின்வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்து அது முன்னால்வரை வந்தது. சிற்பி வெளிறிப்போய்ச் சுவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். விரலை மூக்கருகே செதுக்கும்போது இது எதற்கு என்று தெரியாமலே செதுக்கினேன், ஆனால் அதை எடுத்துப் பார்த்தபோது முகம் செத்துப்போனது என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தம் வீட்டிலும் சீட்டாடுவார்கள் என்றும், இன்று போய் மாமியாரைக் கவனித்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

விழா முடிவில் மேடையில் மேசை போட்டு எங்களை ஆடிக் காட்டச் சொன்னார்கள். தையலக்கா அண்ணிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இனிமேல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜோடி என்று அறிவித்துவிட்டார். எனக்கு அண்ணன் வந்து சேர்ந்தார். மறைத்துச் சொல்ல வழியே இல்லை. காதைத் தொட்டால் அரங்கமே 'ஜாக்கி' என்று கத்தியது. அக்கா வேண்டுமென்றே ஜாக்கி இல்லாதபோதும் காதைத் தொட்டார், இருந்தபோது கையைக் கட்டிக்கொண்டார். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெண்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். எதிர்க்கட்சி மாறினாலும் தோற்பது நான்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இதெல்லாம் ரேடியோவில் வந்தது. வெளியூரில் வேலையில் இருந்த அவர்களுடைய பெண் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினாள். அக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது, அவள் நடுவிலேயே நிறுத்தினாளாம். இது தனக்குப் பல் விழுகிற வயசிலேயே தெரியும் என்றாளாம். ஐஸ்கிரீம் கேட்கும்போது அப்பாவின் விரல் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, மூக்குக்குப் போனால் இரண்டாகக் கேட்பாளாம். அக்கா போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்ததாகத் தையலக்கா சொன்னார்.

நாணயம் வந்தபிறகு அக்கா பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் காதைத் தொடுவார். வார்டுகளிலிருந்து நர்ஸ்கள் விரிப்பு வாங்க வரும்போது காதைத் தொடுவார்கள். குழந்தைகள் வார்டில் ஊசி போடும் முன்னால் 'உன் ஜாக்கி எங்கே?' என்று கேட்கிற வழக்கம்கூட வந்துவிட்டது. பிள்ளைகள் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அக்கா எல்லோருக்கும் மூக்கருகில் விரல் வைத்துப் பதில் சொல்வார். சிற்பி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவ்வப்போது வருவார். அந்த அம்மா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களோடு இரண்டு ஆட்டம் ஆடுவார். மகனைப்போல இல்லை, நன்றாகவே ஆடுவார்.

அண்ணன் விஷயம்தான் யாரும் எதிர்பார்க்காதது. விரல் பாஷை ஊருக்கே தெரிந்துபோனதால் அவருக்கு அது பிரயோஜனம் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் தாடையைத் தடவினால் தங்கையே 'நல்லா இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க' என்று கேட்டுவிடுகிறார். வேறு வழியில்லாமல் பேசத் தொடங்கினார். முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. உப்பு கம்மி. மழை வரும். பிறகு மெல்லப் பழகிவிட்டது. பாய்லரைப் பற்றி, சின்ன வயதில் வளர்த்த நாயைப் பற்றி, விரிப்பு மடிக்க வந்த முதல் நாள் அக்காவின் கையில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைப் பற்றி. அதைச் சொன்ன அன்று அக்கா சீட்டைக் கீழே வைத்துவிட்டார், ஆட்டம் தொடரவே இல்லை.

இப்போதெல்லாம் மதிய ஆட்டத்தில் அண்ணனின் பேச்சுதான் அதிகம். சீட்டு கலைக்கும்போது ஒரு கதை, போடும்போது ஒரு கதை. போன வாரம் நான் துருப்பு இறக்கக் கையைத் தூக்கியபோது, அவர் ஏதோ ஒரு பழைய பம்பு ரிப்பேரான கதையின் நடுவில் இருந்தார். தையலக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்டத்தைக் கவனியுங்கள், அந்தப் பம்பு எப்போதோ சரியாகிவிட்டது என்றார்.

அண்ணன் தங்கையை நிதானமாகப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் சேத்து வச்சதும்மா. கொஞ்சம் பொறு" என்றார். சொல்லிவிட்டு, பம்பை எந்த இடத்தில் விட்டோம் என்று என்னிடம் கேட்டார்.